செய்தி தன் வழியைக் கண்டறிதல்: ஹூக்ளிக் கரைத் தந்தியும் சர்வரின் வழிப்பட்டியலும்

கல்கத்தா நகரின் தென்மேற்கே, ஹூக்ளி ஆற்றின் கீழ்க்கரையில் அமைந்துள்ள பகுதி கார்டன் ரீச் ஆகும். ‘ரீச்’ என்பது ஆற்றின் இரு வளைவுகளுக்கு இடைப்பட்ட நீர்ப்பரப்பைக் குறிக்க மாலுமிகள் வழங்கிய சொல். கடலிலிருந்து ஆற்றின் வழியே ஏறிவரும் கப்பல்கள் நகரை நெருங்குமிடம் இது. எதிர்க்கரையிலே, சிப்பூரில், 1787-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற தாவரத் தோட்டம் இருக்கிறது. மின்சாரத்தால் செய்தி அனுப்பும் கலை இந்தியாவில் முதன்முதலாகப் பரிசோதிக்கப்பட்டது இந்த ஆற்றங்கரையில்தான். இன்று ஒரு பள்ளிக்கூடத்தின் சர்வரையோ, ஓர் அலுவலகத்தின் சர்வரையோ வலைப்பின்னலில் இணைக்க முற்படும் பணியாளர், தாம் சந்திக்கும் தொல்லைகளுள் பெரும்பாலானவற்றின் வேர்களை அந்தப் பழைய பரிசோதனைகளிலேயே காணலாம்.

1839-ஆம் ஆண்டு ஏப்ரல், மே மாதங்களில், கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவரும் கல்கத்தா மருத்துவக் கல்லூரியின் ரசாயனப் பேராசிரியருமான வில்லியம் புரூக் ஓஷாக்னசி, அங்கே 21 மைல் நீளமுள்ள கம்பி வழியை அமைத்தார். அதில் 7,000 அடி ஆற்றின் வழியே சென்றது. செய்தியை வாங்குவதற்கு அப்பொழுது சிறந்த கருவி எதுவும் அவரிடம் இல்லை. மறுமுனையில் இருந்தவர் தம் விரல்களில் உணர்ந்த சிறு மின்னதிர்ச்சிகளே செய்தியாயின. இரு முனைகளிலும் ஒரே வேகத்தில் ஓடும் கடிகாரங்கள் வைக்கப்பட்டன. அதிர்ச்சி உண்டான கணத்தில் முள் எந்த எழுத்தைக் காட்டுகிறதோ அதுவே அனுப்பப்பட்ட எழுத்து. கடிகாரங்களுள் ஒன்று சற்றே பிந்தினாலும் செய்தி பொருளற்றதாகிவிடும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

கம்பி மட்டும் செய்தியைக் கொண்டுசெல்வதில்லை. அனுப்புவோரும் பெறுவோரும் முன்னதாகவே ஓர் உடன்பாட்டிற்கு வந்திருத்தல் வேண்டும். இன்ன அடையாளத்திற்கு இன்ன பொருள், இன்ன பொழுதில் தொடங்க வேண்டும், இன்ன பொழுதில் நிறுத்த வேண்டும், தவறினால் இன்னது செய்ய வேண்டும் என்னும் இவ்வுடன்பாட்டிற்கே இக்காலத்தில் நெறிமுறை என்று பெயர். கணிப்பொறியாளர் ‘புரோட்டோகால்’ என்று கூறுவதும் இதுவே.

சென்னைக்குச் செல்லும் செய்தி பம்பாய் வழியாக

1850-இல் கல்கத்தாவிற்கும் டயமண்ட் ஹார்பருக்கும் இடையே தந்திக் கம்பி போடும் பணி தொடங்கியது. 1851-இல் அது கம்பெனியின் உபயோகத்திற்கு வந்தது. ஆற்றின் முகத்துவாரத்தருகே கெஜூரி வரை அது நீட்டப்பட்டது. கப்பல்கள் வந்து சேரும் செய்தியை முன்னதாக அறிவதே அதன் முதன்மையான நோக்கம். ஓஷாக்னசியின் உதவியாளரான சிவ சந்திர நந்தி இப்பணியில் தேர்ச்சி பெற்ற முதல் இந்தியருள் ஒருவர்.

இது இரு முனைகளை இணைக்கும் ஒற்றை வழி. இத்தகைய கம்பியில் வழி எது என்னும் கேள்வியே எழாது. அக்கேள்வி எழுந்தது 1853-க்குப் பின்னர், நாடு தழுவிய பெருங்கம்பிகள் போடப்பட்டபொழுது. கல்கத்தாவிலிருந்து ஆக்ராவிற்கும், அங்கிருந்து ஒரு கிளை பெஷாவருக்கும், மற்றொரு கிளை பம்பாய்க்கும் சென்றன. பம்பாயிலிருந்து ஒரு கம்பி சென்னைக்கு வந்தது. ஆகவே, கல்கத்தாவிலிருந்து சென்னைக்குக் கொடுக்கப்பட்ட செய்தி முதலில் வடமேற்கே ஆக்ராவை அடைந்து, பின்பு பம்பாய்க்கு இறங்கி, அதன் பிறகே தெற்கே திரும்பியது. கடற்கரையோரமாக நேர்வழி அமைந்தது பின்னரே. தேசப்படத்தில் அருகிலிருக்கும் ஊர் கம்பியில் அருகிலிருக்க வேண்டும் என்பதில்லை. இந்த உண்மை இன்றைய வலைப்பின்னலுக்கும் சற்றும் குறையாமல் பொருந்தும்.

ஆக்ராவில் இருந்த தந்தி எழுத்தர், சென்னைச் செய்தியைக் கையில் வாங்கியதும் என்ன செய்தார்? சென்னை எங்கே இருக்கிறது, இடையில் எத்தனை நிலையங்கள் உள்ளன என்றெல்லாம் அவர் ஆராயவில்லை. ‘சென்னைக்குரியதைப் பம்பாய்க் கம்பியில் அனுப்புக’ என்னும் ஒரே விதி அவருக்குப் போதும். தமக்கு அடுத்த நிலையத்தை மட்டும் அறிந்து, எஞ்சியதை அந்நிலையத்தின் பொறுப்பில் விடுவதே வழிப்படுத்தலின் உயிர்நிலை. ரூட்டர் எனப்படும் கருவியும், வழிப்படுத்தும் வேலையைச் செய்யும் சர்வரும் இதையே வினாடிக்கு ஆயிரக்கணக்கான முறை செய்கின்றன.

1857-இல் கிளர்ச்சி மூண்டு, வட இந்தியாவில் கம்பிகள் பல இடங்களில் அறுக்கப்பட்டன. ஒரே வழியை நம்பியிருக்கும் அமைப்பு நடுவே ஓரிடத்தில் அறுந்தால், அவ்விடத்திற்கு அப்பால் உள்ள யாவும் பயனற்றுப் போகும் என்பது அப்பொழுதே தெளிவாயிற்று. நூறு ஆண்டுகளுக்குப் பின்னர், 1964-இல், அமெரிக்காவில் பால் பரன் என்பவர் இச்சிக்கலுக்கு ஒரு தீர்வை விரிவாக வெளியிட்டார். வலைப்பின்னலுக்கு மையம் இருத்தல் கூடாது. செய்தியைச் சிறு துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டின் மேலும் சேருமிடத்தின் முகவரியை எழுதி, கிடைக்கும் வழியில் அனுப்ப வேண்டும் என்பது அவருடைய கருத்து. பிரிட்டனில் டொனால்டு டேவிஸ் தனித்து இதே முடிவிற்கு வந்தார். அத்துண்டுகளுக்கு அவர் இட்ட பெயர் ‘பாக்கெட்’. தமிழில் பொட்டலம் எனலாம். பிரிந்து செல்லும் பொட்டலங்களைப் பல்வேறு வகையான வலைப்பின்னல்களைக் கடந்தும் ஒழுங்காகச் சேர்ப்பிக்கும் நெறிமுறையை வின்டன் செர்ஃப், ராபர்ட் கான் இருவரும் 1974-இல் வகுத்தனர். 1983 ஜனவரி 1 அன்று அமெரிக்காவின் அர்ப்பாநெட் அந்நெறிமுறைக்கு மாறியது. இன்று உலகெங்கும் வழங்கும் டி.சி.பி., ஐ.பி. என்பவை அவையே.

முகவரியும் எல்லையும்

சர்வரில் முதன்முதலாக அமைக்க வேண்டுவன மூன்று: முகவரி, நெட்மாஸ்க் எனப்படும் எல்லை அளவு, கேட்வே எனப்படும் வாயில்.

ஐ.பி. நெறிமுறையின் நான்காம் பதிப்பில் முகவரி என்பது 32 இரும இலக்கங்களைக் கொண்ட எண். ஏறக்குறைய 430 கோடி முகவரிகளே இதில் அடங்கும். எளிதில் வாசிப்பதற்காக இதனை நான்கு பகுதிகளாக்கி, 192.168.10.5 என்பது போல் எழுதுவர். எல்லை அளவு என்பது இவ்வெண்ணின் எத்தனை இலக்கங்கள் தெருவைக் குறிக்கும், எஞ்சியவை வீட்டைக் குறிக்கும் என்பதைச் சொல்வது. 24 இலக்கங்கள் தெருவுக்கு எனின், வீட்டிற்கு எட்டு இலக்கங்கள் மிஞ்சும். 256 எண்களுள் முதலும் கடைசியும் நீங்கலாக 254 கணிப்பொறிகளுக்கு இடமுண்டு. 10, 172.16 முதல் 172.31 வரை, 192.168 ஆகியவற்றில் தொடங்கும் முகவரிகள் உள் உபயோகத்திற்கென 1996-ஆம் ஆண்டின் விதியால் ஒதுக்கப்பட்டவை. அவற்றைப் பொது வலைப்பின்னலில் எவரும் ஏற்பதில்லை.

சர்வர் ஒரு பொட்டலத்தை அனுப்பத் தொடங்குமுன் தன்னையே ஒரு கேள்வி கேட்டுக்கொள்கிறது: சேருமிடம் என் தெருவில் உள்ளதா, வெளியே உள்ளதா? தெருவில் உள்ளதெனில், அம்முகவரிக்குரியவர் யார் என்று தெருவில் கூவி அழைத்து, பதிலளிக்கும் கருவிக்கு நேரே கொடுத்துவிடுகிறது. வெளியே உள்ளதெனில் வாயிலிடம் ஒப்படைக்கிறது. எல்லை அளவைத் தவறாக இட்டால் இங்கேதான் குழப்பம் நேரும். 24 என்று இருக்க வேண்டிய இடத்தில் 16 என்று இட்டுவிட்டால், அடுத்த கட்டடத்தில் உள்ள 192.168.20.7 என்னும் கணிப்பொறியும் தன் தெருவிலேயே இருப்பதாகச் சர்வர் எண்ணிக்கொண்டு, வாயிலை நாடாமல் கூவிக்கொண்டே இருக்கும். எவரும் பதிலளிக்க மாட்டார்கள். மற்றவை யாவும் ஒழுங்காக நடைபெறும்; அந்த ஒரு கட்டடத்துடன் மட்டும் தொடர்பு இராது. கம்பியில் பழுது என்று கருதிக் கம்பியை மாற்றுவோர் பலர்.

வாயிலின் முகவரி சர்வரின் தெருவிலேயே இருத்தல் இன்றியமையாதது. தெருவிற்கு வெளியே செல்லும் வாயிலை அடைவதற்கே வெளியே செல்ல வேண்டும் என்றால் காரியம் எவ்வாறு கைகூடும்?

நிம்புராவில் சரக்குப் பெட்டிகள்

கார்டன் ரீச்சில் தென்கிழக்கு ரயில்வேயின் தலைமையகம் உள்ளது. முன்பு வங்காள நாகபுரி ரயில்வேயின் தலைமையிடமாக இருந்ததும் இதுவே. இந்த ரயில்வேயைக் கொண்டு வழிப்பட்டியலை மாணவர்க்கு விளக்குதல் எளிது. கரக்பூரில் இருப்புப்பாதை பிரிகிறது. தெற்கே புவனேசுவரம், விஜயவாடா வழியாகச் சென்னைக்கு ஒன்று, மேற்கே டாட்டாநகர் வழியாக நாகபுரி, பம்பாய்க்கு ஒன்று. சரக்குப் பெட்டிகள் தனித்தனியே பிரித்து அனுப்பப்பட்ட காலத்தில், கரக்பூரை அடுத்த நிம்புரா யார்டில் ஒவ்வொரு பெட்டியின் பக்கவாட்டிலும் செருகப்பட்ட அட்டையைப் படித்து, அதற்குரிய பாதையில் தள்ளுவர். ஒரு வியாபாரி அனுப்பிய பத்துப் பெட்டிகள் பத்து வண்டிகளில் போய்ச் சேர்ந்ததும் உண்டு. சேருமிடத்தில் அவற்றை எண்ணி வரிசைப்படுத்துவதும், வராததைக் கேட்டு எழுதுவதும் பெறுபவரின் வேலை. பொட்டலங்களைப் பொறுத்தவரை இவ்வேலையை டி.சி.பி. நெறிமுறை செய்கிறது: ஒவ்வொரு துண்டிற்கும் எண்ணிட்டு, கிடைத்ததற்கு ஒப்புதல் அனுப்பி, ஒப்புதல் வராததைத் திரும்ப அனுப்பச் செய்கிறது. யு.டி.பி. என்னும் மற்றொரு நெறிமுறை இத்தொல்லைகளை மேற்கொள்வதில்லை. பேச்சொலியை அனுப்பும்பொழுது தவறிய அரைச் சொல்லைப் பிந்தி அனுப்பிப் பயனில்லையாதலால், அங்கே அது ஏற்றதாகிறது.

வழிப்பட்டியலில் ஒன்றுக்கு மேற்பட்ட விதிகள் பொருந்தினால் எது வெல்லும்? மிகக் குறுகிய எல்லையைச் சொல்லும் விதியே வெல்லும். ‘10 எனத் தொடங்கும் யாவும் முதல் வாயிலுக்கு’ என்று ஒரு விதியும், ‘10.20.30 எனத் தொடங்குபவை இரண்டாம் வாயிலுக்கு’ என்று மற்றொரு விதியும் இருந்தால், 10.20.30.8-க்குச் செல்லும் பொட்டலம் இரண்டாம் வாயிலையே நாடும். பட்டியலில் எது முன்னே எழுதப்பட்டுள்ளது என்பது பொருட்டன்று. எந்த விதிக்கும் அடங்காதவை பொது வழிக்குச் செல்லும்.

இச்சிறு விதி உலகளாவிய ஒரு நிகழ்ச்சிக்குக் காரணமாக இருந்தது. 2008 பிப்ரவரி 24 அன்று, யூடியூப் தளத்தைத் தன் நாட்டில் தடுக்கும் பொருட்டுப் பாகிஸ்தான் டெலிகாம் ஒரு வழியை அமைத்தது. யூடியூப் நிறுவனம் 1,024 முகவரிகள் கொண்ட ஓர் எல்லையை உலகிற்கு அறிவித்திருந்தது. தடுப்பதற்காக அமைத்த வழியோ அதனுள் அடங்கிய 256 முகவரிகளைக் குறித்தது. அவ்வறிவிப்பு நாட்டின் எல்லைக்குள் நிற்காமல் வெளியே கசிந்தது. குறுகிய எல்லையே வெல்லும் ஆதலால், உலகின் பல பகுதிகளிலிருந்து யூடியூபிற்குச் சென்ற பொட்டலங்கள் பாகிஸ்தானை நோக்கித் திரும்பின. ஏறத்தாழ இரண்டு மணி நேரம் அத்தளம் பலருக்கும் எட்டாமல் போயிற்று. எவரும் எதையும் உடைக்கவில்லை. ரூட்டர்கள் தமக்கிட்ட விதிப்படியே நடந்தன.

திரும்பி வரும் வழி

களப்பணியாளரை மிகவும் வருத்தும் பழுது வேறொன்று. கார்டன் ரீச்சில் ஒரு பள்ளிக்கூடம் இருப்பதாக வைத்துக்கொள்ளலாம். அங்கே அலுவலகத்தின் தெரு 192.168.10; ஆய்வுக்கூடத்தின் தெரு 192.168.20. இரண்டிற்கும் நடுவே இரு நெட்வொர்க் கார்டுகள் பொருத்திய சர்வர் ஒன்று உள்ளது. அலுவலகத் தெருவில், வெளியுலகுடன் இணைக்கும் ரூட்டர் இருக்கிறது. ஆய்வுக்கூட மாணவர்கள் இச்சர்வரின் வழியாக வெளியே செல்ல வேண்டும்.

சர்வருக்கு இரு முகவரிகளையும் கொடுத்தாயிற்று. மாணவரின் கணிப்பொறிக்குச் சர்வரையே வாயிலாகக் காட்டியாயிற்று. ஆயினும் வெளித்தொடர்பு இல்லை. முதற் காரணம், லினக்ஸ் முதலான அமைப்புகளில், ஒரு கார்டில் வந்த பொட்டலத்தை மற்றொரு கார்டின் வழியே அனுப்பும் வழக்கம் இயல்பாக நிறுத்தி வைக்கப்பட்டிருப்பது. சர்வர் தனக்கு வந்ததைப் படிக்குமே யன்றிப் பிறர்க்கு வந்ததைச் சுமக்காது. சுமக்குமாறு தனியே ஆணையிட வேண்டும்.

ஆணையிட்ட பின்னரும் பதில் வருவதில்லை. பணியாளர் சர்வரைப் பலமுறை சோதிப்பார். அதில் பிழை எதுவும் இராது. பிழை ரூட்டரில் உள்ளது. மாணவரின் பொட்டலம் சர்வரைக் கடந்து, ரூட்டரையும் அடைந்துவிட்டது. அதற்குரிய பதிலை அனுப்பும்பொழுது, 192.168.20 என்னும் தெரு எங்கே இருக்கிறது என்பது ரூட்டருக்குத் தெரியாது. அதன் பட்டியலில் அத்தெரு இல்லாமையால், பொது வழிப்படி வெளியுலகை நோக்கி அனுப்பிவிடுகிறது. அங்கே அது வீசி எறியப்படுகிறது. ‘192.168.20 தெருவிற்குரியதைச் சர்வரிடம் கொடு’ என்னும் ஒரு வரியை ரூட்டரில் சேர்த்தால் யாவும் சரியாகும். பொட்டலம் போவதற்கு ஒரு வழி வேண்டும். பதில் வருவதற்கு மற்றொரு வழி வேண்டும். இவ்விரண்டும் வெவ்வேறு கருவிகளில் எழுதப்படுபவை. சோதிப்பவர் பெரும்பாலும் தம் கைக்கெட்டிய முனையில் மட்டும் நின்றுகொண்டு சோதிக்கிறார் என்பதே இதில் உள்ள இடர்.

இதனினும் நுட்பமானது, வெளித்தொடர்புகள் இரண்டு உள்ள சர்வரில் தோன்றும் பழுது. ஒரு நிறுவனத்தின் இணைப்பு அறுந்தால் மற்றொன்று உதவும் என்று கருதி, இரு நிறுவனங்களிடமிருந்து இணைப்புப் பெறுவது நல்ல வழக்கமே. முதல் இணைப்பில் சர்வருக்கு ஒரு பொது முகவரி. இரண்டாவதில் வேறொரு பொது முகவரி. பொது வழி மட்டும் முதல் இணைப்பையே காட்டுகிறது. இரண்டாம் முகவரியை நாடி வெளியிலிருந்து ஒரு கோரிக்கை வருகிறது. அது இரண்டாம் இணைப்பின் வழியே ஒழுங்காக உள்ளே நுழைகிறது. சர்வர் பதிலை எழுதி, அனுப்புநர் என்னுமிடத்தில் இரண்டாம் முகவரியை இட்டு, பட்டியலைப் பார்க்கிறது. பட்டியல் சேருமிடத்தை மட்டுமே நோக்குவது, அனுப்புநரை நோக்குவதன்று. ஆகவே, பதில் முதல் இணைப்பின் வழியே வெளியேறுகிறது. முதல் நிறுவனம், தன்னுடையதல்லாத அனுப்புநர் முகவரியைக் கண்டு, இது போலி என்று கருதித் தடுத்துவிடுகிறது. போலி முகவரியிட்டு அனுப்பும் தாக்குதல்களைத் தடுக்க இவ்வாறு செய்தல் நல்ல நிறுவனங்களின் கடமையாகையால், அதனைக் குறைகூற இயலாது. சர்வரே கூடச் சில சமயம், இம்முகவரிக்குச் செல்லும் வழி வேறொரு கார்டில் இருக்க இது ஏன் இக்கார்டில் வந்தது என்று ஐயுற்று, வந்த பொட்டலத்தையே வாசலில் தடுத்துவிடுவதுண்டு.

பள்ளிக்குள்ளிருந்து சோதித்தால் சர்வர் இயங்கும். முதல் முகவரியால் சோதித்தாலும் இயங்கும். இரண்டாம் முகவரியை நாடுவோருக்கு மட்டும் இயங்காது. நிவாரணம், ஒரு பட்டியலுக்குப் பதில் இரண்டு பட்டியல்களை அமைத்து, அனுப்புநர் முகவரியைப் பார்த்துப் பட்டியலைத் தேர்ந்தெடுக்குமாறு ஒரு முன்விதியை எழுதுவது. முதல் முகவரியிட்ட பதில் முதற் பட்டியலின்படியும், இரண்டாம் முகவரியிட்ட பதில் இரண்டாம் பட்டியலின்படியும் செல்லும். லினக்ஸ் இதற்கு இடமளிக்கிறது. கையேடுகள் பலவும் இதைப் பின்னிணைப்பில் ஒதுக்கிவைப்பது வருந்தத்தக்கது.

பழுதைத் தேடும் முறையில் ஒழுங்கு வேண்டும். பிங் எனப்படும் சிறு சோதனையை முதலில் வாயிலுக்கும், பின்னர் வெளியே ஓர் எண் முகவரிக்கும், கடைசியில் ஒரு பெயருக்கும் அனுப்புதல் நலம். எண்ணுக்குப் பதில் வந்து, பெயருக்கு வராவிட்டால் வழியில் பிழையில்லை. பெயரை எண்ணாக மாற்றித்தரும் டி.என்.எஸ். அமைப்பிலேயே பிழை. வழி எங்கே அறுந்தது என்பதை அறிய டிரேஸ்ரூட் உதவும். ஒவ்வொரு பொட்டலத்திற்கும் ஆயுள் எண் ஒன்று உண்டு; லினக்ஸில் அது வழக்கமாக 64. ஒவ்வொரு ரூட்டரும் அதில் ஒன்றைக் கழிக்கும். சுழியமானால் பொட்டலத்தைக் கைவிட்டு, அனுப்பியவருக்குத் தகவல் தரும். தவறான வழிகளால் பொட்டலங்கள் வட்டமிட்டு முடிவின்றிச் சுற்றாதிருக்கச் செய்த ஏற்பாடு இது. டிரேஸ்ரூட் இதனையே சாதகமாக்கிக்கொள்கிறது: ஆயுளை 1, 2, 3 என்று கூட்டிக் கூட்டி அனுப்பி, எவரெவரிடமிருந்து தகவல் வருகிறது என்று குறித்துக்கொள்கிறது. சில ரூட்டர்கள் பதிலளிக்காதவாறு அமைக்கப்பட்டிருக்கும். நடுவே ஒரு வரி வெறுமையாக இருப்பதைக் கண்டு அங்கே வழி அறுந்ததென்று முடிவு செய்யலாகாது. பதில் முற்றிலும் நின்றுபோகும் இடமே கவனிக்கத்தக்கது.

வழி திறந்த பின், சர்வரில் எந்தக் கதவைத் தட்டுவது என்னும் கேள்வி எஞ்சும். போர்ட் எனப்படும் இக்கதவுகள் 65,535 வரை எண்ணிடப்பட்டவை. இணையப் பக்கங்களுக்கு 80, 443, அஞ்சலுக்கு 25, தொலைவிலிருந்து சர்வரை இயக்குவதற்கு 22. வேண்டாத கதவுகளைச் சாத்தி வைத்தல் வீட்டிற்கு மட்டும் உரிய வழக்கமன்று.

இந்திய வலைப்பின்னல்கள்

வழியை யார் முடிவு செய்வது என்பதில் நாட்டின் அனுபவம் சுவையானது. 1986-இல் மின்னணுத் துறை, ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் உதவியுடன் எர்னெட் என்னும் கல்வி வலைப்பின்னலைத் தொடங்கியது. பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகம், பம்பாயிலிருந்த தேசிய மென்பொருள் நுட்ப மையம், ஐந்து ஐ.ஐ.டி.க்கள், டெல்லியில் அத்துறை ஆகிய எட்டும் அதன் முதல் உறுப்பினர்கள். கார்டன் ரீச்சிலிருந்து நிர்வகிக்கப்படும் பாதையில் உள்ள கரக்பூரின் ஐ.ஐ.டி.யும் அவற்றுள் ஒன்று. தொடக்கத்தில் தொலைபேசி வழியே இயங்கிய யு.யு.சி.பி. அஞ்சல் முறையில், கடிதம் எந்தெந்தக் கணிப்பொறிகளைக் கடந்து செல்ல வேண்டும் என்பதை முகவரியில் வியப்புக்குறிகளால் பிரித்து எழுதுவதுண்டு. வழியில் ஒரு கணிப்பொறி நின்றுவிட்டால் எழுதிய முகவரி பயன்படாது. ஐ.பி. நெறிமுறை வந்த பின், வழியை அறியும் பொறுப்பு எழுதுபவரிடமிருந்து நீங்கி வலைப்பின்னலைச் சேர்ந்தது.

ரயில்வேயின் முன்பதிவிலும் இத்தகைய மாற்றம் நிகழ்ந்தது. டெல்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை, செகந்திராபாத் ஆகிய ஐந்து மையங்களிலும் தனித்தனிக் கணிப்பொறிகள் இருந்தன. ஒரு மையத்திலிருந்து பிறிதொரு மையத்தின் வண்டிக்கு இடம் பெறுதல் எளிதாயில்லை. ரயில்வே தகவல் அமைப்பு மையம் உருவாக்கிய கன்சர்ட் என்னும் ஏற்பாட்டினால் 1999-இல் ஐந்தும் ஒன்றாக இணைந்தன. வண்டியின் பதிவேடு எந்த மையத்தில் உள்ளதோ அந்த சர்வருக்கே கோரிக்கை செல்லும்.

தனியார் நிறுவனங்கள் இணையச் சேவையில் இறங்கிய தொடக்க ஆண்டுகளில் ஒரு விந்தை நடந்தது. ஒரே நகரில் உள்ள இருவர் வெவ்வேறு நிறுவனங்களின் வாடிக்கையாளர் எனில், அவர்களுக்கிடையே செல்லும் பொட்டலங்கள் பல சமயங்களில் வெளிநாடு சென்று திரும்பின. நேர்வழி இல்லாததே காரணம். பம்பாய் சுற்றிச் சென்னைக்கு வந்த தந்தியை நினைவூட்டும் நிலை அது. 2003-இல் தேசிய இணையப் பரிமாற்ற நிலையமாகிய நிக்சி அமைக்கப்பட்டு, டெல்லியை அடுத்த நொய்டா, பம்பாய், சென்னை, கல்கத்தா ஆகிய இடங்களில் நிறுவனங்கள் தம்முள் பொட்டலங்களை மாற்றிக்கொள்ள வழி ஏற்பட்டது.

பெரிய வலைப்பின்னல்களில் வழிகளைக் கையால் எழுதி முடியாது. ரூட்டர்கள் தாமே ஒன்றோடொன்று பேசி வழிகளை அறிந்துகொள்ளும் நெறிமுறைகள் உள்ளன. பழையதான ரிப், எத்தனை நிலையங்களைக் கடக்க வேண்டும் என்று மட்டும் எண்ணும்; பதினைந்துக்கு மேல் எண்ணாது. ஓ.எஸ்.பி.எஃப். இணைப்பின் தகுதியையும் கணக்கிடும். நிறுவனங்களுக்கிடையே வழங்குவது பி.ஜி.பி.; யூடியூப் நிகழ்ச்சி இதன் வழியே பரவியது. இரண்டு தெருக்களே உள்ள பள்ளிக்கு இவை எவையும் தேவையில்லை. கையால் எழுதிய நான்கு வரிகளே போதுமானவை.

ஆம்பன் புயலுக்குப் பின்

2020 மே 20 அன்று ஆம்பன் புயல் வங்காளக் கரையைக் கடந்தபொழுது, கல்கத்தாவில் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. மின்கம்பிகளும், கம்பங்களின் மேல் கட்டிச்செல்லப்பட்ட இணையக் கம்பிகளும் சேர்ந்தே அறுந்தன. பல பகுதிகளில் நாட்கணக்கில் தொடர்பு இல்லை. பெருந்தொற்றுக்காக மக்கள் வீட்டிலேயே அடைந்திருந்த காலம் அது. உறவினர் நலமறிய வேறு வழியின்றிப் பலர் தவித்தனர்.

இரு நிறுவனங்களிடம் இணைப்புப் பெற்று, வழிப்பட்டியலை எவ்வளவு செம்மையாக எழுதி வைத்திருந்தாலும், இரண்டு கம்பிகளும் ஒரே கம்பத்தில் வந்திருந்தால் ஒரு மரம் சாய்ந்ததும் இரண்டும் போகும். பட்டியலில் இரண்டாகத் தோன்றுவது தெருவில் ஒன்றாக இருக்கலாம். இதனைச் சர்வரின் முன் அமர்ந்து அறிய இயலாது. கம்பி கட்டடத்தினுள் நுழையும் இடத்திலிருந்து வெளியே நடந்து சென்று பார்க்க வேண்டும். ஒன்று நிலத்தடியிலும் மற்றொன்று கம்பத்தின் மேலும், அல்லது ஒன்று கம்பியிலும் மற்றொன்று வானொலி அலையிலும் வருமாறு அமைப்பது தக்கது. இருப்புப்பாதை ஓரமாக ரெயில்டெல் நிறுவனம் கண்ணாடி இழைக் கம்பிகளை நாடெங்கும் பதித்துள்ளது. அவ்வழி கிடைக்கும் ஊர்களில் அது சாலையோரக் கம்பிக்கு மாற்றாக உதவக்கூடும்.

மின்சாரம் நின்று திரும்பும்பொழுது மற்றொரு பழுதும் வெளிப்படும். ஆணையாகத் தட்டச்சு செய்யப்பட்ட வழி, சர்வர் மறுபடியும் தொடங்கும்பொழுது மறைந்துபோகும். அமைப்புக் கோப்பில் எழுதப்பட்டது மட்டுமே நிலைக்கும். பல மாதங்கள் ஒழுங்காக இயங்கிய சர்வர் ஒரு மின்தடைக்குப் பின் ஊமையாகிவிட்டால், முதலில் ஐயுற வேண்டியது இதுவே. ஆகையால், வழி அமைத்து முடித்த அன்றே, பள்ளி மூடியிருக்கும் நேரத்தில், சர்வரை ஒருமுறை நிறுத்தித் தொடங்கிப் பார்த்துவிடுதல் வேண்டும். தொலைவிலிருந்து வழியை மாற்றுவோர், மாற்றிய விதியால் தமக்கே வழியடைபட்டுப் போகாதபடி, பத்து நிமிடத்தில் பழைய பட்டியல் தானே திரும்புமாறு ஓர் ஆணையை முன்னதாக இட்டுக்கொள்வர்; புதிய வழி சரியென்று கண்டபின் அதனை நீக்கிவிடுவர்.

சர்வர் வைத்துள்ள அறையின் சுவரில் ஒரு தாள் ஒட்டப்பட்டிருத்தல் நலம். எந்தக் கார்டு எந்தக் கம்பிக்கு, அதன் முகவரி, எல்லை, வாயில், ரூட்டரில் எழுதிய திரும்பு வழிகள், ஒவ்வொரு கம்பியும் தெருவில் எவ்வழியாக வருகிறது ஆகியவை அதில் கையால் எழுதப்பட்டிருந்தால் போதும். கணிப்பொறியிலேயே அதனைச் சேமித்து வைப்போர் உண்டு. வழி அறுந்த நாளில் அவர்களால் அதனைத் திறக்க முடிவதில்லை.